வேலிக்குச் செங்காந்தளைத் திருப்பிக் கொண்டுவர நினைப்பவர்கள், கிழங்கு வாங்கும் முன்

கொறங்காட்டுக் கிளுவை வேலியில் செங்காந்தளை மறுபடி கொண்டுவரும் முயற்சியில் எனக்குக் கைவிட்டுப் போன பணம் ஏறக்குறைய ₹38,000. கிழங்கு, வண்டி வாடகை, ஆள்கூலி, மருந்து எல்லாம் இதில் அடக்கம். பணம் போனதைவிட மனசை அறுத்தது, வாங்கி வந்த கிழங்கில் பெரும்பகுதி முதல் மழைக்காலத்திலேயே மண்ணுக்குள் கூழாகிப் போனதுதான். இதைப் பயிராக வைப்பது எப்படி என்று சொல்ல எங்கள் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் கம்பி கட்டி, கண்வலிக்கிழங்கு என்ற பேரில் இதே செங்காந்தளைப் பயிராக வைக்கிறார்கள். நடவிலிருந்து விதை விற்பது வரை அவர்களுக்கு அத்துபடி. ஆனால் வேலியில் தானாகப் படர்ந்து பூத்துக் கிடந்த கொடி இல்லாமல் போய்விட்டது, அதை வேலிக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டால், "அது எதுக்குங்க?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்க ஆளில்லாமல் தனியாகத் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொருவர் காசும் கிழங்கும் வீணாகக் கூடாது.

கொறங்காடு தெரியாதவர்களுக்கு: காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் பக்கத்து மானாவாரிப் பூமியில், உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், நான்கு பக்கமும் முள்கிளுவையில் உயிர்வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் மாற்றி மாற்றி மேயும். அந்தக் கிளுவை வேலிதான் செங்காந்தளுக்கு வீடு. வேலியின் அடிமண்ணை யாரும் உழுவதில்லை, இலை உதிர்ந்து மக்கிய மண் அங்கே எப்போதும் இருக்கும், முள்ளுக்குள் இருப்பதால் ஆடுமாடு நெருங்காது. இதன் இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக இருக்கும், கிளுவையின் மெல்லிய சிம்புகளைப் பிடித்துக்கொண்டு மேலேறும். இந்த நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது வேலியில்தான். அதனால் வேலி போன இடத்தில் கொடியும் போனது. கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட ஜேசிபியை விட்டு ஒரே நாளில் கிளுவையை வேரோடு பிடுங்குகிறார்கள். வேலி தப்பிய இடங்களில் கிழங்கைத் தோண்டி விற்றுவிட்டார்கள். இதன் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கீல்வாதத்துக்கான மருந்து ஒன்று அதிலிருந்துதான் வருகிறது, பயிர் ஆராய்ச்சியில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் அதுவே பயன்படுகிறது. விதைக்கு நல்ல விலை பேசப்படும் பருவத்தில் புதிதாகப் பயிர் வைப்பவர்கள் பெருகுவார்கள், நடவுக் கிழங்குக்குக் கிராக்கி ஏறும், வேலியிலும் கரட்டிலும் கடப்பாரை விழும். அடுத்த பருவத்தில் விலை பாதியாகச் சரிந்தாலும், தோண்டிய குழி தோண்டியதுதான். மாநில மலர் என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிற பூவுக்கு இந்த நிலைமை என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

முதலில் கிழங்கு வாங்கும் விஷயம். நான் 40 கிலோ வாங்கினேன், கிலோ ₹400 வீதம் ₹16,000. நடவுக்கு ஏற்ற கிழங்கு ஒன்று 50 முதல் 60 கிராம் இருக்க வேண்டும் என்பது பயிர் வைப்பவர்கள் கணக்கு, அப்படியென்றால் கிலோவுக்குப் பதினாறு முதல் இருபது வரை நிற்கும். எனக்கு வந்த மூட்டையில் சுண்டுவிரல் கனத்தில் கிடந்ததும் உண்டு, கைப்பிடிக்கு மேல் நீண்டதும் உண்டு. செம்மண் ஒட்டியது பாதி, கரிசல் ஒட்டியது பாதி. ஒரே தோட்டத்துக் கிழங்கு இப்படி இருக்காது. பல இடத்தில் தோண்டிச் சேர்த்த சரக்குதான் இப்படி வரும், அதில் வேலியிலும் காட்டிலும் தோண்டியது கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இது நினைவுக்கு வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரு வேலியை நிரப்ப இன்னொரு வேலியைக் காலி செய்ததற்கு என் பணமும் போயிருக்கும். வியாபாரியிடம் கேட்டதற்கு, "கெழங்குன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார். மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்.

கிழங்கைப் பார்த்து வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள். கலப்பைக்கிழங்கு என்று இதற்கு ஒரு பேர் இருப்பதே உருவத்தால்தான், இரண்டு விரல் பிரிந்து கலப்பை மாதிரி வளைந்திருக்கும். முளை வருவது அந்த விரல்களின் நுனியில் மட்டும்தான். உருளைக்கிழங்கில் அங்கங்கே கண் இருப்பது போல இதில் கிடையாது. நுனியை உற்றுப் பார்த்தால் சிறு மொட்டு ஒன்று தெரியும், விரல் நகத்தால் தட்டினாலே ஒடிந்துவிடும். நுனி ஒடிந்த விரல் எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. கோணியில் கொட்டி, லாரியில் ஏற்றி, மேலே இன்னொரு மூட்டை போட்டு வந்த சரக்கில் பாதிக்கு நுனி இருக்காது. எடை மட்டும் சரியாக இருக்கும். ஆகவே எடைக்கு வாங்காமல், முளை இருக்கும் விரலை எண்ணி வாங்குங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். அடுத்து, அழுத்தினால் கல்லுப்போல் இருக்க வேண்டும். தோல் சுருங்கியிருந்தால் பரவாயில்லை, ஒரு இடத்தில் மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். கிழங்குப் பயிர் வைத்திருக்கும் விவசாயி நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை தோட்டத்தைக் கலைக்கும்போது நேரில் போய் அவர் எடுத்த கிழங்கிலேயே வாங்குவதுதான் நியாயமான வழி. எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும்.

நடவு ஆடியில் செய்தேன், அது சரியான காலம்தான். ஆடி, ஆவணியில் நட்டால் புரட்டாசி முதல் பூக்கத் தொடங்கும், கார்த்திகை வரை பூ இருக்கும். ஈழத்தில் இதைக் கார்த்திகைப்பூ என்பது அதனால்தான். கெட்டது எங்கே என்றால், வேலிக்கு உள்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் ஓரத்தில். கொறங்காட்டில் சரிவுக்குக் குறுக்கே வேலி போகும் இடத்தில் தண்ணீர் வந்து அடியில் தேங்கும். மேலே பார்த்தால் இரண்டு நாளில் வற்றிவிடும், கீழே ஒரு சாண் ஆழத்தில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். முளைக்காத இடத்தைக் கிளறிப் பார்த்தபோது தோல் மட்டும் உறையாக இருந்தது, தொட்டதும் உள்ளே இருந்த மாவு பழுப்பு நிறத்தில் வழிந்தது, கூடவே புளித்த நாற்றம். வரிசையாக அப்படியே. அன்று மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு எழுந்து வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

வேலியில் இயற்கையாகக் கொடி இருந்த இடங்களைப் பின்னால் கவனித்துப் பார்த்தேன். எல்லாமே மேட்டுப்பக்கம், சரளை கலந்த செம்மண், தண்ணீர் நில்லாமல் வடியும் இடம். நீங்கள் நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அது இறங்கியபின் இன்னொரு குடம் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். குழியில் இன்னும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம். நடுவதற்கு முன் கிழங்கைக் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில், லிட்டருக்கு ஒரு கிராம், அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துவது பயிர் வைப்பவர்கள் செய்வது. ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தோடு கலந்து குழியில் போடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிழங்கு பிழைக்காது. மருந்து போட்டாயிற்று என்று பள்ளத்தில் நடாதீர்கள். ஆழம் மூன்று விரற்கடை போதும், படுக்கை வாட்டில் வைத்து, நுனி மொட்டைத் தொடாமல் பொலபொலப்பான மண்ணால் மூட வேண்டும். காலால் மிதித்து அமுக்குவது ஆளுக்காரர்களின் பழக்கம், பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள்.

முளைத்து வரும் தண்டு கண்ணாடிபோல் ஒடியும். ஒரு முளை நுனியிலிருந்து அந்த வருடத்துக்கு ஒரு தண்டுதான், அது இளசிலேயே ஒடிந்தால் அந்த விரல் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் மறுபடி எழும்பாது. அதனால் முளைத்த பத்து நாளுக்குள் பிடிப்புக் கொடுத்துவிட வேண்டும். இலை நுனிச் சுருள் பென்சில் கனத்துக்கும் மெலிந்த குச்சியைத்தான் சுற்றும். கிளுவைக் கட்டையின் அடி கனமாக, வழவழவென்று இருக்கும், அதைப் பிடிக்கத் தெரியாமல் தண்டு தரையில் படரும், காற்றில் ஒடியும். காய்ந்த கிளுவைச் சிம்பையோ விளாரையோ தண்டுக்குப் பக்கத்தில் சாய்த்து ஊன்றி, மேல்நுனி வேலியின் சிம்புகளைத் தொடும்படி வைத்தால் போதும், அப்புறம் அதுவே ஏறிக்கொள்ளும். கயிறு கட்டித் தண்டை வேலியோடு இறுக்குவது கூடவே கூடாது.

இலை வந்ததும் புழு வரும். வேறு எந்தப் பூச்சியும் இவ்வளவு வேகத்தில் இந்தக் கொடியை அழிப்பதில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழு, கூட்டமாக இளம் இலையில் தொடங்கி நுனி வரை மொட்டையாக்கிவிடும். அந்துப்பூச்சி இலையில் முட்டையைக் குவியலாக வைக்கும், குஞ்சுப் புழுக்கள் முதல் சில நாள் ஒரே இலையில் சேர்ந்தே மேயும். அந்த நாட்களில் அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தாலே கதை முடிந்தது. பிரிந்து போனபின் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். காலையும் மாலையும் வேலியோரம் ஒரு நடை போனால் போதும், மருந்து தேவைப்படாது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு மூன்று மில்லி, கொஞ்சம் காதிச் சோப்புக் கரைத்து மாலையில் அடிக்கலாம். பூ இருக்கும் சமயத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் வராது, காயும் பிடிக்காது.

தப்பிப் பிழைத்த கொடிகளில் ஒரு பகுதியைக் களைக்கொல்லிக்குக் கொடுத்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் தன் பக்க வேலியோரத்தைச் சுத்தம் செய்ய கிளைபோசேட் அடித்தார். அவர் கெட்டவர் இல்லை. "களைதானுங்களே அது, இனிமே சொல்லுங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இந்த மருந்தில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இலையை எரித்துவிட்டு நிற்பதில்லை. இலை வழியாக உறிஞ்சப்பட்டுத் தண்டு வழியே கிழங்குக்கு இறங்கும். அதனால் இலை மஞ்சளாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதற்குள் கிழங்கும் கெட்டிருக்கும். அடுத்த வருடம் முளைக்கும் என்று காத்திருந்து பயனில்லை. மருந்து பட்டதை அன்றே பார்த்துவிட்டால் நனைந்த இலைகளைக் கிள்ளி எடுத்துத் தண்ணீரால் கழுவிவிட ஒரு வாய்ப்பு உண்டு. வேலிக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு என்பதால், கிழங்கு வாங்கும் முன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுங்கள். அவர் பக்க வேலியோரத்தைக் கையால் செதுக்க ஆகும் கூலியை நாமே கொடுத்துவிடுவது மலிவு. எனக்கு ஒரு ஆள்கூலியில் முடிந்திருக்க வேண்டியது, ஆயிரக்கணக்கில் போய்விட்டது.

பூ விரிந்தபின் செய்யும் வேலையை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதை கிடைப்பது இதைப் பொறுத்தது. மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கும், ஓரம் நெளிநெளியாக இருக்கும். முதல் நாளில் அடிப்பக்கம் மஞ்சள், மேலே சிவப்பு ஏறத் தொடங்கும், நாளாக ஆக மஞ்சள் குறைந்து முழுச் சிவப்பாகும். ஆறு மகரந்தத் தாள்களும் வட்டமாக வெளியே விரிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் சூலகத்தின் அடியிலேயே சட்டென்று செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும், அதன் நுனியில் மூன்றாகப் பிரிந்த சூல்முடி. தன் பூவின் மகரந்தம் தன் மேல் எளிதில் படாதபடி அமைப்பே விலகி இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ பூவைச் சுற்றி வரும்போது இறக்கையில் ஒட்டிய மகரந்தம் அடுத்த கொடியின் சூல்முடியில் படும். வேலி நெடுகக் கொடி இருந்த காலத்தில் இது தானாக நடந்தது. இப்போது ஒரு வேலியில் நான்கைந்து கொடி தனித்தனியாக நின்றால், பூச்சி ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போவதே அரிது. பூ சிவந்து, வதங்கி, காயில்லாமல் உதிரும்.

ஆகவே கையால்தான் சேர்க்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் செய்யுங்கள், பனி காய்ந்து மகரந்தப்பை வெடித்திருக்கும். பூ விரிந்த முதல் மூன்று நாளில், இதழில் மஞ்சள் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், முழுச் சிவப்பான பூவில் உழைப்பு வீண். ஒரு கொடியிலிருந்து மகரந்தத் தாளைக் கிள்ளி எடுத்து, வேறொரு கொடியின் பூவில், சூல்முடியின் மூன்று கிளையிலும் மெதுவாகத் தடவுங்கள். சிறு ஓவியத் தூரிகை வைத்தும் செய்யலாம். மஞ்சள் தூள் ஒட்டி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்ட பூவின் காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள், இல்லையென்றால் எது முடிந்தது என்று தெரியாமல் குழம்பிப் போவீர்கள். முடிந்தவரை தூரத்துக் கொடியிலிருந்து மகரந்தம் கொண்டுவருவது நல்லது. ஒரே கிழங்கிலிருந்து பிரிந்தவை எத்தனை பூத்தாலும் ஒரே செடி மாதிரிதான். மழை பெய்யும் நாளில் செய்யாதீர்கள், ஈரம் பட்டால் மகரந்தம் கெடும்.

காய் பச்சையாக மூன்று பட்டையுடன் தொங்கும். கரும்பச்சை வெளிறி மஞ்சளோடி, தோல் சுருங்கத் தொடங்கியதும் காம்போடு பறித்து நிழலில் பரப்ப வேண்டும். பத்து நாளில் தானே வெடித்து உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் விதை தெரியும். விதையைப் பிரித்து மறுபடி ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். கொடியிலேயே வெடிக்க விட்டால் பறவையும் மழையும் பங்கு கேட்கும், ஆனாலும் கொடிக்கு ஒரு காயையாவது நான் வேலியிலேயே விட்டுவிடுகிறேன்.

இனி விஷம். பூவை நேசிப்பவர்கள் பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள், அது பெரிய ஆபத்து. கொடியின் எல்லாப் பகுதியிலும் கோல்சிசின் உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் வறுத்தாலும் விஷம் போகாது. சர்க்கரைவள்ளி என்றோ வேறு ஏதோ வள்ளிக்கிழங்கு என்றோ நினைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. சாப்பிட்ட உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, விடாத பேதி வரும், பார்ப்பவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார்கள். ஒரு நாளில் சற்றுத் தேறியது போலத் தெரியலாம். அதற்குப் பின்தான் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும், பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். கைவசம் கிடைக்கும் முறிவு மருந்து எதுவும் இல்லை. சந்தேகம் வந்த நிமிடமே 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மிச்சக் கிழங்கையோ கொடியையோ கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "பேதி நின்னுடுச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று கிளம்பாதீர்கள், சில நாள் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்து மருந்தாக்குகிறார்கள் என்பதைக் கேட்டு யாரும் வீட்டில் கைவைத்தியம் செய்யக் கூடாது.

வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், காய்ந்த காயை உடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். விதை உலர்த்தும் இடம் தானியம் காயும் களமாக இருக்கக் கூடாது. விதை குன்றிமணி அளவில் பளிச்சென்று இருப்பதால் குழந்தை எடுத்து வாயில் போட எல்லா வாய்ப்பும் உண்டு, மூடி போட்டுப் பூட்டி, பெயர் எழுதி வையுங்கள். வெட்டிய கொடி தீவனப் புல்லோடு சேராமல் பாருங்கள். ஜேசிபி கிளறிய மண்ணில் கிழங்கு மேலே கிடந்தால் ஆடு கடிக்கும் முன் பொறுக்கிவிட வேண்டும். எங்கள் காட்டில் வேலைக்கு வரும் எல்லாரிடமும் முதல் நாளே கிழங்கைக் கையில் காட்டிச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பயந்து கொடியையே அழித்தவர்களும் உண்டு. பொலியெருதையும் பாம்பையும் அருகில் வைத்துக்கொண்டு பண்ணையம் பார்த்த ஊர் இது, எதை எங்கே எப்படித் தொடுவது என்று தெரிந்தால் இதோடும் இருக்கலாம்.

விதையிலிருந்து வளர்ப்பதுதான் மெதுவான வழி, எனக்கு இப்போது நம்பிக்கை இருப்பதும் அதில்தான். கிழங்கு வருடத்துக்கு ஒரு முறை தன்னை மாற்றிக்கொள்ளும். பழையது சுருங்கி, புதிதாக இரண்டு விரல் வளரும். அதற்கு மேல் பெருகாது. நல்ல காய் ஒன்றில் பல பத்து விதை இருக்கும், ஒவ்வொன்றும் தனித் தனிச் செடி. ஆனால் புதிய விதை உடனே முளைக்காது, ஆறு முதல் ஒன்பது மாதம் உறங்கும். தையில் எடுத்த விதையைத் துணிப்பையில் வைத்து ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் சரி. மேல் தோலை மணலோடு சேர்த்துத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, செம்மண், ஆற்றுமணல், மக்கிய இலை மூன்றும் சம பங்கு கலந்த தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். சில விதை மூன்று வாரத்தில் முளைக்கும், சிலது மாதக்கணக்கில் கிடந்து முளைக்கும், சிலது அடுத்த மழைக்கு வரும். "முளைக்கலை" என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். முதல் வருடம் புல்போல ஒரு சின்னத் தண்டு, சில இலை, அடியில் மொச்சை அளவில் கிழங்கு, அவ்வளவுதான். மார்கழியில் மஞ்சளாகிக் காயும். அப்போது செத்துவிட்டது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த மொச்சைக் கிழங்கு அழுகும். இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத நிழலில் எடுத்து வைத்து, ஆடியில் மறுபடி நனைக்க வேண்டும். பூ பார்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். தொட்டியிலேயே இரண்டு வருடம் வளர்த்து, கிழங்கு ஆள்காட்டி விரல் அளவானபின் வேலிக்கு மாற்றினால் தப்பும் எண்ணிக்கை அதிகம். இதற்கு ஆகும் செலவு மண்ணும் தொட்டியும்தான்.

விதையை எங்கே எடுப்பது? உங்கள் வேலிக்கு அருகில், அதே மாதிரி மண்ணில் பிழைத்து நிற்கும் கொடியில். காட்டுக்காரரிடம் கேட்டு, பத்துக் காய் இருந்தால் இரண்டு எடுங்கள். காப்புக்காட்டுக்குள் கை வைக்கக் கூடாது, அது குற்றம்.

வேலியின் வருடக் கணக்கையும் கொடிக்குத் தகுந்தபடி மாற்றினால் பாதி வேலை மிச்சம். கிளுவையைக் கழிப்பது மாசி, பங்குனியில் இருக்கட்டும், அப்போது கொடி மண்ணுக்குள் உறங்கும். ஆடி முதல் மார்கழி வரை வேலியில் அரிவாள் படக் கூடாது. கழித்த முள்ளை வேலியோரத்திலேயே குவித்துத் தீ வைக்கும் பழக்கம் கிழங்குக்கு எமன், மேலாக இருக்கும் கிழங்கு வெந்துவிடும். முள்ளை நடுக்காட்டுக்கு இழுத்துப் போட்டு எரியுங்கள், இல்லையென்றால் வேலியின் இடைவெளிகளில் அடையுங்கள். வேலி விட்டுப்போன இடத்தில் இலை உதிர்ந்த கிளுவைப் போத்தை வெட்டி மழைக்கு முன் ஊன்றுங்கள். சீமைக்கருவேலத்தை வேலியில் தலையெடுக்க விடாதீர்கள், அதன் அடர்ந்த நிழலில் இளம் கொடி எழும்பாது.

சாலை விரிவாக்கத்துக்கோ வீட்டுமனைக்கோ ஒரு வேலி போகப்போகிறது என்று தெரிந்தால், அந்தக் கொடிகளை எடுத்துவரலாம். அதற்குக் கார்த்திகையிலேயே, பூ இருக்கும்போதே, ஒவ்வொரு கொடியின் அடியிலும் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றைப் பதித்து வைக்க வேண்டும். பங்குனியில் போனால் மேலே ஒரு சருகுகூட இருக்காது, எங்கே தோண்டுவது என்றே தெரியாது. கல்லைச் சுற்றி ஒரு அடி தள்ளி வட்டமாகத் தோண்டி, கடைசி அரையடியைக் குச்சியாலும் கையாலும் கிளற வேண்டும். வேலிக் கிழங்கு ஒரு அடி ஆழம்வரைகூட இறங்கியிருக்கும், கிளுவை வேருக்குள் பின்னிக் கிடக்கும். வேரை வெட்டுங்கள், கிழங்கை இழுக்காதீர்கள். கழுவ வேண்டாம். ஒன்றோடொன்று உரசாமல் மரப்பெட்டியில் காய்ந்த மணல் பரப்பி அடுக்கி, அதே வாரத்தில் மேட்டுப்பக்க வேலியில் நட்டுவிடுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆடி மழைக்கு அதுவே எழும்பும்.